கழுத்துப்பட்டை, புல்வலை, கண்ணாடி: லாயத்துக்கு வாங்கியவற்றில் எது தேறியது?

கட்டை கவ்வும் குதிரை, அதாவது மரவிளிம்பைப் பல்லால் பற்றிக்கொண்டு காற்றை இழுக்கும் பழக்கமுள்ள குதிரை வைத்திருப்பவர் எவரும், அதை நிறுத்த முதலில் விசாரிப்பது கழுத்துப்பட்டையைத்தான். எங்கள் லாயத்துக்கும் முதலில் வந்து சேர்ந்தது அதுதான். பிறகு கட்டையில் பூசும் கசப்புக் களிம்பு, புல் அடைத்துவைக்கும் வலை, முகம் பார்க்கும் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வந்தன. எதற்கு எவ்வளவு கொடுத்தேன், எது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, எது சாமான் அறையில் தூசி படிந்து கிடக்கிறது என்பதை எழுதச் சொல்லி, குதிரை வாங்கப்போகும் நண்பர்கள் சிலர் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்காகவும், இதே பொருள்களைத் தேடி விலையைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். மூன்று உருப்படிகள். செம்பி, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் பெட்டை. மாறன், காயடித்த மார்வாரி இனக் குதிரை. பொட்டு, ஊட்டியில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து சலித்துப்போன மட்டக்குதிரை. பொட்டுவிடம் எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, முளைக்கயிற்றைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டு பக்கத்துத் தோப்புக்குப் போவதைத் தவிர. அதற்கு மருந்து நல்ல கொண்டிதான். இந்த மதிப்புரை மற்ற இருவரைப் பற்றியது.

செம்பி கட்டை கவ்வும். கதவின் குறுக்குச் சட்டத்திலோ காடியின் விளிம்பிலோ மேல்வரிசை முன்பற்களைப் பதிக்கும். கழுத்தை வளைத்து உடம்பைச் சற்றே பின்னுக்குத் தள்ளும். தொண்டைக்குக் கீழே உள்ள தசைகள் கயிறு போலப் புடைக்கும். உடனே ஏப்பத்துக்கும் முனகலுக்கும் இடைப்பட்ட ஒரு சத்தம். கண் பாதி மூடியிருக்கும். அடுத்த சில நொடிகளில் மறுபடியும் அதே வரிசை. தீனி தின்று முடித்த பிறகுதான் இது உச்சத்துக்குப் போகும். அது கவ்வும் இடத்தில் மரம் எண்ணெய் தேய்த்ததுபோல வழுவழுவென்று குழிந்திருக்கிறது. அதன் வாயைத் திறந்து பார்த்தால் மேல் முன்பற்களின் வெளிவிளிம்பு சாய்வாகத் தேய்ந்திருப்பது தெரியும். குதிரை வாங்கப் போகிறவர்கள் இந்த விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எல்லாவற்றையும் விரல் வைத்து ஆராய்பவர்கள், பல்லைப் பார்க்கும்போது வயதை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு உதட்டை விட்டுவிடுகிறார்கள். விற்கிறவர் தாமாகச் சொல்லமாட்டார்.

மாறன் தலையாட்டி. கதவுக்கு மேலே கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருப்பான். தீனி வாளியின் சத்தம் கேட்டால் ஆட்டம் வேகமெடுக்கும். கதவோரம் மண் தரையில் இரண்டு பள்ளங்களே விழுந்திருந்தன.

இனி பட்டை. கான்பூரிலுள்ள ஒரு சேணப் பட்டறையிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். ரூ. 2,600, அனுப்பும் செலவு தனி. குதிரைச் சாமான்களுக்குக் கான்பூர்தான் நம் நாட்டில் பேர்போன ஊர், தோல் நன்றாகவே இருந்தது. தொண்டைக்குக் கீழே வரும் பகுதியில், கீல் வைத்து மடங்கும் இரும்புத் தகடு. காதுகளுக்குப் பின்னால் போகும் வார் ஒன்று, நெற்றியைச் சுற்றி இன்னொரு வார். குதிரை தலையைத் தாழ்த்திப் புல் தின்னும்போது தகடு அழுத்தாது. கவ்வுவதற்காகக் கழுத்தை வளைத்துத் தசையைப் புடைக்கச் செய்யும்போது அது தொண்டைத் தசைமீது அழுந்தும். அவ்வளவுதான் சூட்சுமம். வெளிநாட்டில் 'மிராக்கிள் காலர்' என்ற பெயரில் விற்பதும் இதே அமைப்புதான்.

முதல் குறை அளவில். உத்தரப் பிரதேசத்துப் பட்டறைக்காரர் தொலைபேசியில் 'ஃபுல் சைஸ்' என்று சொல்லி அனுப்பியது செம்பியின் மெல்லிய கழுத்துக்கு இரண்டு துளை அளவு பெரிதாக இருந்தது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். துளை போட்டுக்கொள்ளுங்கள் என்று அன்போடு அறிவுரை மட்டும் வந்தது. செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்த் துளை போட்டோம். இந்தப் பட்டையைத் தளர்வாகக் கட்டினால் பயனே இல்லை. காதுக்குப் பின்னால், தொண்டை வளைவில், நன்றாக இறுக்கமாக உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். இறுக்கமாக உட்கார்ந்தால் புண்ணாகும். நம் ஊர் வெயிலில், வியர்வையில், பட்டைக்குக் கீழே மயிர் உதிர்ந்து காது மடல் பின்னால் தோல் சிவந்துவிட்டது. ஆட்டுத்தோல் உறை வைத்துப் பார்த்தோம், அது வியர்வையை உறிஞ்சிக்கொண்டு நாறியது. பழைய வேட்டித்துணியை மடித்துச் சுற்றி, தினமும் மாற்றியதில் ஓரளவு தேறியது. ஐப்பசி மழையில் தோலில் பூசணம் வேறு. வாரம் ஒருமுறை எண்ணெய் போடாவிட்டால் வார் விறைத்துப்போகும்.

சரி, கவ்வுவது நின்றதா? நின்றது. கட்டிய அன்றே ஏறக்குறைய நின்றது. வருகிறவர்கள் எல்லாம் "அடேயப்பா, சத்தமே இல்லையே" என்றார்கள். எங்கள் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மட்டும் திருப்திப்படவில்லை. சென்னையில் பந்தயக் குதிரைகளோடு பாதி ஆயுளைக் கழித்தவர். "சத்தம் நின்றுவிட்டது அம்மணி, வாயைப் பாருங்கள்" என்றார். செம்பி காடி விளிம்பில் பல்லை வைக்கும், இழுக்காது, நக்கும், மறுபடி பல்லை வைக்கும். நாக்கால் சுவரை நக்கிக்கொண்டே நிற்கும். தீனி தின்றபின் தூங்கி வழிந்துகொண்டிருந்த குதிரை, இப்போது காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு எரிச்சலோடு நின்றது. குளிப்பாட்டுவதற்காகப் பட்டையைக் கழற்றிய நாளெல்லாம் முன்பிருந்ததைவிடக் கூடுதலாகக் கவ்வியது, கடன் பாக்கியை வட்டியோடு வசூலிப்பதுபோல.

இது செம்பியின் தனிக்குணம் இல்லை. 1998-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மெக்ரீவி, நிக்கோல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத்தான் அளந்து எழுதினார்கள்: ஒரு நாள் தடுத்து வைத்துவிட்டுத் தடையை நீக்கினால், குதிரை வழக்கத்தைவிட அதிகமாகக் கவ்வுகிறது. பழக்கம் என்று நாம் சொல்வது, அந்தப் பிராணிக்கு ஏதோ ஒரு தேவையாக இருக்கிறது. அதைத் தடுத்தால் தேவை போய்விடுவதில்லை.

பட்டையை நியாயப்படுத்த விற்பனைக்காரர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: காற்றை விழுங்கி வயிறு உப்பிச் சூலை வரும் என்பது. மெக்ரீவி குழுவினர் எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்தபோது, இழுக்கும் காற்று பெரும்பாலும் உணவுக்குழாயின் மேற்பகுதியிலேயே நின்று திரும்பி வெளியேறுவது தெரிந்தது. வயிற்றுக்குள் போவது சொற்பம். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஈரலுக்கு அருகே உள்ள ஒரு சிறு துவாரத்தில் சிறுகுடல் நுழைந்து சிக்கிக்கொள்ளும் ஒருவகைச் சூலை இருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் குதிரை பிழைக்காது. கட்டை கவ்வும் குதிரைகளுக்கு அது அதிகமாக வருகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பட்டை கட்டினால் அந்த ஆபத்து குறையும் என்பதற்கு யாரும் எனக்கு ஆதாரம் காட்டவில்லை.

பட்டைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் தோலுக்கு. பற்கள் மேயமுடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்ட கிழக்குதிரைக்கு, மருத்துவர் சொன்னால், தீனிக்குப் பிந்திய ஓரிரு மணி நேரத்துக்குக் கட்டலாம். இரவு முழுவதும் கட்டிவைப்பதற்கு இது சரக்கில்லை. மின்சார அதிர்ச்சி தரும் பட்டை ஒன்று இணையத்தில் கண்ணில் பட்டது, விலையைக்கூடப் பார்க்கவில்லை. கழுத்துத் தசையை வெட்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. 1926-இல் சுவீடன்காரர் ஃபோர்ஸல் எழுதிவைத்தது, இன்று திருத்திய வடிவத்தில் செய்கிறார்கள். சத்தத்தைப் பொறுக்கமுடியாமல் அந்த எல்லைக்குப் போகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

கசப்புக் களிம்பைப் பற்றி நாலு வரி போதும். இறக்குமதி டப்பா, சின்னது, ரூ. 1,900. அதே வேலையை வேப்பெண்ணெய் செய்கிறது. மரத்தைக் கொறித்துத் தின்னும் குதிரைக்கு இது உதவும், அதுவும் மழை அடித்துக் கழுவும்வரை. கொறிப்பது வேறு, கவ்வுவது வேறு. கொறிக்கும் குதிரைக்குப் பெரும்பாலும் நார்த்தீனி போதவில்லை என்று பொருள். செம்பியோ வேப்பெண்ணெய் பூசிய இடத்தை முகர்ந்துவிட்டு ஒரு சாண் தள்ளிப்போய்க் கவ்வியது. மிளகாய்க் கரைசல் பூசச் சொல்கிறவர்கள் உண்டு, குதிரை முகத்தைக் கட்டையில் தேய்த்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளும். வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வாங்கிய கழிவு எண்ணெயைப் பூசுவது நஞ்சு வைப்பதற்குச் சமம்.

அடுத்து வலை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

குதிரையின் வயிறு உடம்புக்குப் பொருந்தாத அளவு சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஆனால் அமிலம் இரவும் பகலும் இடைவிடாமல் சுரக்கும். உமிழ்நீர் மெல்லும்போது மட்டுமே சுரக்கும். வெட்டவெளியில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்வரைகூட மேயும் பிராணி. அதை ஓர் அறையில் நிறுத்தி, காலையில் ஒரு வாளி அவித்த கொள்ளும் தவிடும், மாலையில் ஒரு வாளி, நடுவே ஒரு கட்டுப் புல் என்று வைத்தால், எல்லாவற்றையும் சில மணி நேரத்தில் முடித்துவிட்டு மீதி நாள் முழுவதும் அமிலம் மட்டும் சுரக்கும் வயிற்றோடு சுவரைப் பார்த்து நிற்கும். 2002-இல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு, தரோபிரெட் குட்டிகளைப் பால் மறந்த நாளிலிருந்து சில ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பால் மறந்ததும் தானியம் போன்ற அடர்தீனி கொடுத்த குட்டிகளிடம் கட்டை கவ்வும் பழக்கம் உருவாகும் வேகம் மற்றவற்றைவிட நான்கு மடங்கு. செம்பி என்னிடம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, எங்கோ ஒரு பண்ணையில் இது தொடங்கியிருக்க வேண்டும். நான் அதை ஒழிக்கமுடியாது, குறைக்கலாம். வயிற்றைக் காலியாக விடாமல் இருப்பதே வழி.

வந்த புதிதில் அதன் பழைய தீனிமுறையையே கொஞ்ச நாள் தொடர்ந்தோம், திடீரென்று மாற்றினால் வயிறு கெடும் என்பதால். பிறகு கொள்ளையும் தவிட்டையும் படிப்படியாகக் குறைத்து, மூன்று வேளைக்குப் பிரித்து, புல்லைக் கூட்டினோம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ உலர்ந்த கணக்கில் தீனி வேண்டும், அதில் பெரும்பகுதி புல்லாக இருப்பது நல்லது. ஆனால் புல்லைத் தரையில் கொட்டினால் செம்பி மேலாகக் கிளறி, நல்லதைத் தின்று, மீதியின் மேல் சாணி போடும். மெதுவாகத் தின்னவைக்கும் சிறுகண்ணி வலை இங்கேதான் உள்ளே வருகிறது.

இறக்குமதி வலை ஒன்றின் விலை இணையத்தில் ஏறத்தாழ ரூ. 1,800 காட்டியது. நாகர்கோவில் பக்கம் மீன்வலை நெய்யும் ஊர்கள் இருக்கும் நாட்டில் இது என்ன கொடுமை என்று தோன்றியது. உறவினர் ஒருவர் மூலம் அங்குள்ள ஒரு வலைக்கடையில் முடிச்சில்லாத நைலான் வலை, 4 சென்டிமீட்டர் கண்ணி, கிலோ கணக்கில் வாங்கினேன். இரண்டு கிலோ, ரூ. 1,400. அதிலிருந்து நான்கு பைகள் வந்தன. வாய்க்கயிறு கோத்து ஓரம் கட்டிக்கொடுத்த கடைக்காரம்மாவின் வலையூசி வேலை அத்தனை சுத்தம். இன்றுவரை ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை.

முன்பு ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்த புல், வலைக்குள் போனதும் மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை நின்றது. செம்பி உதடுகளால் துழாவி, கண்ணி வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைத் தேடிப் பிடித்து, இழுத்து, மென்று, மறுபடி தேடும். கவ்வுவது நின்றதா என்றால், இல்லை. கணிசமாகக் குறைந்தது. அடர்தீனிக்குப் பிந்திய அரை மணி நேரம் இப்போதும் கவ்வுகிறது. மீதி நேரத்தில் வாய்க்கு வேலை இருக்கிறது. உடம்பும் தேறியது, விலா தெரிந்த இடத்தில் சதை பிடித்திருக்கிறது.

எந்தப் புல் என்பதில்தான் தேர்ச்சி வேண்டும். அருகம்புல்லை அறுத்து ஒரு பொழுது வாடவிட்டு அடைத்தால் அருமையாக வேலை செய்கிறது. பச்சையாக, நீளமாக அடைத்தால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்ததும் கொத்தாக வந்துவிடும், வலை இருந்தும் இல்லாததுபோல். கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் தண்டு தடிப்பாக இருப்பதால் கண்ணியில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். குதிரை கோபத்தில் வலையைத் தூக்கியடிக்கும். நறுக்கிய சோளத்தட்டு அத்தனையும் கீழே கொட்டிவிடும். நம் கொங்கு நாட்டுக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், வளரும் கொழுக்கட்டைப் புல் உலர்ந்தால் வலைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கோ-4, கொழுக்கட்டைப் புல் இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டுக்கு இரைப்பை தாங்கிக்கொள்ளும், குதிரைக்குத் தாங்காது. நாள்பட முக எலும்பு வீங்கி நொண்டும். இதோடு பாஸ்பரஸ் மிகுந்த தவிடும் சேர்ந்தால் இன்னும் மோசம். குதிரைமசாலை (லூசர்ன்) கலந்து கொடுங்கள், தாது உப்பை மருத்துவரிடம் கேட்டுச் சேருங்கள். குதிரைமசாலைத் தனியே வலையில் அடைக்கவேண்டாம், காய்ந்த இலை எல்லாம் உதிர்ந்து தரையோடு போகும்.

தொங்கவிடும் உயரம் முக்கியம். காலியான வலை தளர்ந்து இறங்கும். குதிரை காலை உதறும்போது குளம்பு உள்ளே போனால் நைலான் அறாது, கால்தான் முறியும். ஆகவே காலியான வலையின் அடி, குதிரையின் மார்பு உயரத்துக்குக் கீழே வரக்கூடாது. இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாமல், நடுவே ஒரு சணல் கயிற்றைக் கொடுத்துக் கட்டுங்கள், அவசரத்தில் அது அறுந்து விடும். உயரே தொங்கினால் தூசி கண்ணிலும் மூக்கிலும் விழுகிறது, அதுவும் குறைதான். நாங்கள் கடைசியில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மை அரையாக வெட்டி, புல்லை உள்ளே போட்டு, வலையை மேலே விரித்து வாயோரம் சுற்றிக் கட்டிவிட்டோம். தலையைத் தாழ்த்தியே தின்கிறது. லாடம் அடித்த முன்னங்காலை டிரம்முக்குள் வைக்க வாய்ப்பில்லாத அளவு வலை இறுக்கமாக இருக்கவேண்டும். செம்பிக்கு ஒரு கூடுதல் ஏற்பாடு தேவைப்பட்டது: இரண்டாம் நாளே டிரம் விளிம்பு கவ்வுவதற்கு எவ்வளவு வசதி என்று கண்டுபிடித்துவிட்டது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டினோம். குழாய் தடிப்பாக இருப்பதால் பல் சரியாகப் பதியவில்லை போலும், இப்போது விட்டுவிட்டது.

வலைக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது, தினமும் வலையை உதறி நிரப்பும் வேலை அண்ணனுக்குக் கூடியதற்காக. சம்பளத்தோடு அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். கதவின் குறுக்குச் சட்டத்துக்கு இரும்புத் தகடு அடிப்பது பல லாயங்களில் வழக்கம். மரம் பிழைக்கும், பல் தேயும். நாங்கள் செம்பி வழக்கமாகக் கவ்வும் ஒரே ஒரு சட்டத்தில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டைச் சுற்றி ஆணி வெளியே தெரியாமல் அறைந்துவிட்டோம். ஆலைகளில் கழித்துப்போட்டது, எடைக்கு வாங்கினால் கொசுறு விலை. கவ்வவேண்டுமென்றால் அங்கே கவ்விக்கொள்ளட்டும், பல் தேயாது. இப்படிச் செய்தால் பக்கத்துக் குதிரைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று ஒரு நண்பர் பதறினார். அவருடைய கொட்டகையில் செம்பியை இரண்டு இரவு கட்டிவைக்கவும் இடம் தரவில்லை. மாறனும் பொட்டுவும் அதன் பக்கத்திலேயே நிற்கிறார்கள், ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரே லாயத்தில் பல குதிரைகள் கவ்வினால், அவை எல்லாமே ஒரே மாதிரித் தீனியும் ஒரே மாதிரிச் சிறையும் அனுபவிக்கின்றன என்பதை முதலில் பாருங்கள்.

மாறனுக்கு வருகிறேன். தலையாட்டும் குதிரைக்குக் கதவின் மேற்பாதியில் 'வி' வடிவக் கம்பி வைப்பார்கள், தலையை நீட்டலாம், பக்கவாட்டில் ஆட்டமுடியாது. அதை நான் வாங்கவில்லை. வேறொரு லாயத்தில் கம்பிக்குப் பின்னால், உள்ளே தள்ளி நின்று அதே ஆட்டத்தை ஆடும் குதிரையைப் பார்த்ததே போதும். அதற்குப் பதிலாக வாங்கியது கண்ணாடி. 2002-இல் பிரிட்டனின் லிங்கன் நகரத்து ஆய்வாளர்கள், லாயத்தில் கண்ணாடி மாட்டியதும் தலையாட்டும் குதிரைகளின் ஆட்டம் வெகுவாகக் குறைந்ததாக எழுதியிருந்தார்கள். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி, இன்னொரு குதிரையின் முகம் கண்ணில் பட்டால் அமைதியாகிறது என்பது அதன் அடிப்படை.

நிஜக் கண்ணாடி மாட்டக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் கண்ணாடித் தகடு வாங்கி, பிளைவுட்டில் ஒட்டி, ஓரத்துக்கு அலுமினியச் சட்டம் போட்டுப் பக்கச் சுவரில் மாட்டியதற்கு ரூ. 3,400 ஆனது. மாறன் முதலில் சீறினான். பிறகு முகர்ந்தான். பிறகு கழுத்தை நீட்டித் தகட்டுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முயன்றான். அந்த மார்வாரிக் காதுகளின் வளைந்த நுனிகள் இரண்டும் முன்னால் வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து அண்ணன் சிரித்த சிரிப்பில் பொட்டு மிரண்டது. ஓரிரு நாளில் தகட்டுக்குப் பக்கத்தில் நின்று தூங்கப் பழகிவிட்டான். பகல் நேரத்து ஆட்டம் நன்றாகவே குறைந்தது. தீனி நேரத்துக்கு முன்பு ஆடுவது குறையவில்லை, அதற்குக் கண்ணாடி பொறுப்பல்ல. வாளியை நாங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் கலக்காமல், கொட்டகைக்குப் பின்னால் கலந்து எடுத்துவந்து அவனுக்கே முதலில் வைக்கத் தொடங்கியதும் அதுவும் தணிந்தது.

குறைகள்: அக்ரிலிக் சீக்கிரம் கீறல் விழும். ஈ எச்சமும் தூசியும் படிந்து மங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியால் துடைக்கவேண்டும், நார் போட்டுத் தேய்த்தால் அன்றோடு சரி. எல்லாக் குதிரைக்கும் ஒத்துவராது. செம்பியின் அறையில் ஒருமுறை சாய்த்துவைத்துப் பார்த்தோம். காதை மடக்கிக்கொண்டு பின்னங்காலைத் திருப்பியது, உடனே எடுத்துவிட்டோம். தீனித்தொட்டிக்கு அருகில் மாட்டினால், எதிரில் தெரியும் குதிரை தன் பங்கைத் தின்ன வந்ததாக நினைத்துச் சண்டைக்குப் போகும் குதிரைகளும் உண்டு.

கண்ணாடி மாட்டிய கையோடு கொத்தனாரைக் கூப்பிட்டு, மாறனுக்கும் பொட்டுவுக்கும் இடையிலிருந்த சுவரில் நெஞ்சுக்கு மேலே ஒரு சன்னல் இடித்துத் திறக்கச் சொன்னேன். ஒரு நாள் கூலியும் நாலு இரும்புக் கம்பியும்தான் செலவு. இப்போது மாறன் நாளெல்லாம் அந்தச் சன்னலில் நிற்கிறான். பொட்டு தன் பக்கத்திலிருந்து அவனுடைய பிடரி மயிரைக் கடித்துச் சொறிந்துவிடுகிறது. கண்ணாடியை அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆகவே தனியாக ஒரே ஒரு குதிரை வைத்திருப்பவர்கள், வேறு வழியில்லை என்றால் கண்ணாடி வாங்குங்கள், ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். இரண்டு குதிரை இருந்தால் கொத்தனாருக்குக் கொடுங்கள். இடமிருந்தால், இரண்டையும் சேர்த்துப் பகலில் சில மணி நேரம் வேலி அடைத்த வெளியில் அவிழ்த்து விடுங்கள், அதற்கு எந்தக் கடையிலும் பில் போடமாட்டார்கள்.

பட்டையை விற்றுவிடலாம் என்று பார்த்தேன். கேட்டு வந்தவரிடம் வலையைப் பற்றி இவ்வளவும் சொன்னதில் அவர் பட்டை வேண்டாம் என்று போய்விட்டார். வலைக்கடையின் ஊரைத்தான் குறித்துக்கொண்டு போனார். நீங்களும் அந்தப் பக்கம் வாங்கப் போனால், குதிரைக்கு என்று வாய் திறக்காதீர்கள். குதிரை வைத்திருப்பவர் என்றால் பண்ணையார் என்று நினைத்து விலை ஏற்றிவிடுகிறார்கள். முடிச்சில்லாத நைலான், 4 சென்டிமீட்டர் கண்ணி, தடித்த இழை, இரண்டு கிலோ என்று மட்டும் கேளுங்கள். ஓரம் கட்டும் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.